அண்ணன் மூட்டை

"அசையாதீங்க்கா" என்று கீழேயிருந்து நஞ்சப்பன் குரல் கொடுத்ததுதான் தாமதம், சாந்தாமணி மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "மூச்சு விடலாமுங்க்கா, ஆடாம இருந்தாப் போதும்" என்று அவனே சிரித்தபடி சொல்ல வேண்டியிருந்தது. நல்ல கூத்து. ஐம்பத்தைந்து வயசுப் பொம்பளை, காலையில் தலைக்குக் குளித்து, பூ வைத்து, காட்டன் சேலையைக் கஞ்சி மொடமொடப்போடு கட்டிக்கொண்டு வந்து, சிங்காநல்லூரில் நஞ்சப்பனின் கார் பட்டறைத் தகரக் கொட்டகைக்குள், ராம்ப் மேல் ஏற்றிய காருக்குள், ஒரு ஆள் உயரத்தில் கொலு பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். சொந்தக்காரர் யாராவது பார்த்தால் சந்தி சிரித்துவிடும். காருக்குக் கூரை கிடையாது. உண்டு, துணிக் கூரை, அதை மடித்துப் பின்னால் தள்ளியிருந்தான். அதனால் தலைக்கு மேலே தகரம், தகரத்துக்குக் கீழே குறுக்குக் கம்பி, கம்பியில் இரண்டு புறா. அதுகள் வேறு கழுத்தைச் சாய்த்துச் சாய்த்து அவளையே பார்த்தன. என்ன பார்வை, போங்க அக்கட்டால. கார் சிவப்பு, இரண்டே சீட்டு, தரையோடு தரையாகக் கிடக்கும், பொத்தானை அமுக்கினால் முன்விளக்கு இரண்டும் முழித்துக்கொண்டு மேலே எழும்பும். வீட்டில் அதற்குத் தவக்களை என்று பேர். பேர் வைத்தவள் அவள்தான். வீட்டுக்காரர் அதை வாங்கிக்கொண்டு வந்த அன்றைக்கு, இதென்னுங்க தவக்களையாட்டம் என்று வாய் தவறி வந்துவிட்டது. ஆசை ஆசையாக வாங்கியதைப் போய் இப்படிச் சொல்லிவிட்டோமே, கோபித்துக்கொள்வாரோ என்று பார்த்தால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்போது அவருக்குப் பிடிக்கிற அளவுக்கு வயிறு இருந்தது.

இப்போது வலது பக்கம், ஓட்டுகிறவர் சீட்டில், அவர் இல்லை, அவர் மூட்டை இருக்கிறது. இது இந்தப் பட்டறையில் ஒரு வழக்கம். பந்தயத்துக்கு ஓடுகிற காருக்கும் மலைக்கென்றே வைத்திருக்கிற காருக்கும் அலைன்மென்ட் பார்க்கும்போது ஓட்டுகிறவர் எடை சீட்டில் இருந்தாக வேண்டும். ஆள் உட்கார்ந்தால் கார் எவ்வளவு தாழுமோ அவ்வளவு தாழ்ந்த பிறகுதான் சக்கரம் எப்படி நிற்கிறது என்று அளப்பார்கள். அதற்காக ஆள் நாள் முழுக்கக் குந்திக்கொண்டிருக்க முடியுமா? அதனால் ஆளுக்கொரு ஜோடி மூட்டை. தார்ப்பாயில் தைத்து, ஆற்று மணல் ரொப்பி, தராசில் நிறுத்து, வெள்ளைப் பெயின்டில் பேரெழுதிச் சுவரோரமாக வரிசையாக உட்கார வைத்திருப்பான் நஞ்சப்பன். அவர் மூட்டையில், திருமூர்த்தி, எண்பத்து நாலு கிலோ. முதுகுக்கு ஒன்று, தொடைக்கு ஒன்று. ஓட்டுவதை விட்டவர்களின் மூட்டையை அவிழ்த்து மணலைக் கொட்டகைக்கு வெளியே கொட்டிவிட்டு, வெறும் பையை ஆணியில் மாட்டிவிடுவான். அந்தச் சுவரைத்தான் அவள் பார்க்கக் கூடாது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாலைந்து பைகள் தொங்கின, பேர் மடிந்து போய். உள்ளே வந்த உடனே நஞ்சப்பன் கேட்டது அதைத்தான். "அண்ணன் சூரத்துல இருந்து வந்துட்டாருங்களா?" "வர்றதும் போறதுமா இருக்கறார் தம்பி." "எடை அப்படியேதானுங்களே? சூரத்து இனிப்பையெல்லாம் தின்னு ஏத்திப்போட்டாருங்களா?" "அப்படியேதான்." எவ்வளவு சுலபமாக வந்தது வாயில். அப்படியேதான். அவன் அந்த இரண்டு மூட்டையையும் ஒவ்வொன்றாக மாரோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்து சீட்டில் வைத்தபோது கார் ஒரு அமுங்கு அமுங்கியது. அந்த அமுங்கல் அவளுக்குத் தெரியும். எத்தனையோ வருஷமாக, அவள் முதலில் ஏறி உட்கார்ந்து முந்தானையை ஒழுங்குபண்ணிக்கொண்டிருக்கும்போது, அவர் ஏறினதும் கார் அப்படித்தான் வலது பக்கம் ஒரு மரியாதை பண்ணும். இப்போதெல்லாம் பண்ணுவதில்லை. அந்த நேரம் பார்த்து நஞ்சப்பன், "அக்கா, நீங்களும் கூடப் போவீங்கல்ல? அப்ப உங்க எடையும் சொல்லிப்போட்டீங்கன்னா..." என்றான். அது எதுக்குத் தம்பி, நானே ஏறி உக்காந்துக்கறேன் என்று ஏறிவிட்டாள். உயிர் போனாலும் எடையைச் சொல்வதாவது. அப்படித்தான் வந்து மாட்டினாள் இங்கே, புறாவுக்கும் மூட்டைக்கும் நடுவில்.

மூட்டைக்கு சீட் பெல்ட் வேறு போட்டிருந்தான், சரியக் கூடாது என்று. குறுக்கே இழுத்துக் கட்டியதில் மணல் இரண்டு பக்கமும் பிதுங்கியது. அழுத்துமே என்று கை போகப் போனது, அசையாதீங்க்கா என்பது ஞாபகம் வந்து மடியிலேயே வைத்துக்கொண்டாள். பைத்தியமா எனக்கு. மணலுக்கு என்ன அழுத்தும்? கழற்றிப் போட்ட பழைய டயர் இரண்டும் தூணில் சாய்ந்து கிடந்தன. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. பட்டை பட்டையாகக் கோடு அப்படியே இருக்கிறது, இன்னும் ஒரு வருஷம் ஓடும் என்று யாரும் சொல்வார்கள். திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தால்தான், வழுக்கை. மோசமாக இருந்தது இடதுதான், கம்பியே எட்டிப் பார்த்தது. ஆஸ்பத்திரி வாசல் திட்டில் அவள் ஏற்றி இறக்கினது அந்தப் பக்கச் சக்கரத்தைத்தான். அவள் காரில் ஏறுவதற்கு முன்பே, கழற்றின கையோடு, நஞ்சப்பன் உள்ளங்கையை வைத்துத் தடவிவிட்டுச் சொன்னான். "இது மலை ஏறுன டயர் இல்லீங்க்கா. மலைக்குப் போனா வெளிப்பக்கமும் சேர்ந்து தேயும். வளைவுல கார் சாயும்போது சக்கரம் முழுசா ரோட்டுல உக்காரட்டும்னுதான நாம உள்ள பார்த்துச் சாய்ச்சு வெச்சிருக்கறோம்? வளைவே இல்லாம நேர் ரோட்டுலயே ஓட்டுனா உள் ஓரத்துலயேதான் நிக்கும், அது மட்டும் தேஞ்சு போகும். அண்ணன் ஏனுங்க இப்படி ஆபீசுக்குப் போறவராட்டம் ஓட்டறாரு?" சாந்தாமணி டயரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நேர் ரோடு. அவினாசி ரோடு. அவர் எங்கே ஓட்டினார்? ஓட்டினது அவளல்லவா. போவதும் வருவதும், போவதும் வருவதும், கீமோவுக்கு ஒரு தடவை, ரத்தம் பார்க்க ஒரு தடவை, காய்ச்சல் கண்டு அலறியடித்துக்கொண்டு ஒரு தடவை. அந்த ரோட்டில் திருப்பம் என்று ஒன்று உண்டா? ஆஸ்பத்திரிக்குள் திரும்புகிற ஒரே ஒரு திருப்பம்தான்.

வீட்டில் பெரிய கார் இருக்கிறது. மெத்தென்று சீட்டு, ஏசி, குலுங்காது. அதில் போகலாமுங்க என்று தலைபாடாக அடித்துக்கொண்டாள். மாட்டேன் என்றுவிட்டார். வயிற்றில் முக்கால்வாசியை வெட்டி எடுத்தாயிற்று, தையல் காயவில்லை, இந்தத் தவக்களைக்குள் குனிந்து ஏறி இறங்குவதற்கே உயிர் போய் உயிர் வரும் ஆளுக்கு. ஆனாலும், "நான் நோயாளியாப் போறதா இருந்தா அந்தக் கார்ல போறேன். இதுல போனா ஓட்டப் போறாப்புல இருக்கும் சாந்தா" என்றார். அதற்கு மேல் என்ன பேசுவது? இந்தக் காரின் கிளட்சு கல் மாதிரி. பெரிய காரை ஓட்டிப் பழகின காலுக்கு முதல் நாள் தொடையெல்லாம் நோவு. லட்சுமி மில் சிக்னலில் மூன்று தடவை நின்று போனது, பின்னால் ஒரு பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை, அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் இடது சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தவர், கண்ணைத் திறக்காமலே, "அவன் கெடக்கறான், நீ உன் இஷ்டத்துக்கு எடு" என்றார். எடுத்தாள். அதற்குப் பிறகு நிற்கவில்லை. பெல்ட்டு தையல் மேல் படாமலிருக்க ஒரு பச்சைத் துண்டை நாலாக மடித்து வயிற்றில் வைத்து, அதற்கு மேல் பெல்ட்டைப் போட்டு, கீழ்ப் பட்டையைத் தொடைப் பக்கம் இறக்கிவிட்டு, சரியாங்க என்று கேட்டு, அவர் உம் என்ற பிறகுதான் வண்டியை எடுப்பாள். ஒவ்வொரு தடவையும். அந்தத் துண்டு இப்போதும் சீட்டுக்குப் பின்னால்தான் கிடக்கிறது. அவர் இளைக்க இளைக்க துண்டின் மடிப்பு கூடிக்கொண்டே போனது. அவரோ ஒரு கரண்டி போட்டால் பாதியை வைத்துவிடுவார், கஞ்சி பாதி, இட்லி பாதி, மாதுளம் சாறு பாதி. அவர் எச்சிலைத் தூக்கிக் கொட்ட மனசு வருமா? எல்லாம் அவள் வயிற்றுக்குள் போனது. அவர் இறக்கின கிலோவையெல்லாம் இவள் ஏற்றிக்கொண்டாள். ஒருநாள் ஆஸ்பத்திரித் தராசில் அவர் இறங்கினதும் சும்மா ஏறிப் பார்த்தாள், நர்சம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. அவர், "ஊட்டு எடை மொத்தத்துல மாறலைங்க, இடம்தான் மாறியிருக்குது" என்றார். நர்சம்மா சிரித்தது. இவளும் சிரித்தாள். பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஒருத்தரிடமும் சொல்லக் கூடாது, முக்கியமாக ஓட்டுகிற கூட்டத்துக்கு, நஞ்சப்பனுக்குத் தெரியவே கூடாது, அவனுங்க முகத்துல அந்த ஐயோ பாவத்தை என்னால பார்க்க முடியாது என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் வாங்கினார். அன்றைக்குக் கண்டுபிடித்ததுதான் சூரத்து. மில்லுக்கு உதிரிப் பாகம் செய்கிறவர், சூரத்தில் வேலை எடுத்திருக்கிறார் என்றால் யார் நம்பாமல் இருப்பார்கள்.

இனிமே எதுக்கு. காலையில் அவர் சொன்ன அதுதான் இன்னும் காதிலேயே நிற்கிறது. காலையில் காபிக்குப் பால் வைத்துவிட்டுச் சமையல்கட்டு ஜன்னல் வழியே பார்த்தபோது, அவர் காருக்கு முன்னால் மண்டி போட்டு, சக்கரத்துக்கு உள்பக்கமாகக் கையை விட்டுத் தடவிக்கொண்டிருந்தார். குழந்தைக்குக் காய்ச்சலா என்று கழுத்தில் கை வைத்துப் பார்ப்பார்களே, அப்படி. தடவிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. ஒரு கையைத் தரையில் ஊன்றினார், முடியவில்லை. சாந்தாமணிக்குக் கால் வாசல் வரை போய்விட்டது. போகலாமா? போய்க் கையைக் கொடுத்தால் எழுந்துவிடுவார், ஆனால் அன்றைக்கு முழுக்கப் பேச மாட்டார். பாலை அடுப்பில் பொங்க விட்டுவிட்டு ஒரு பாத்திரத்தை வேண்டுமென்றே கீழே போட்டாள், நான் உள்ளேதான் இருக்கிறேன், பார்க்கவில்லை என்று அவருக்குத் தெரியட்டும் என்று. இரண்டாவது பாத்திரமும் போட்ட பிறகு அவர் மட்கார்டைப் பிடித்து எழுந்து நிற்பது தெரிந்தது. உள்ளே வந்து உட்கார்ந்து, இரண்டு மடக்கு காபி குடித்துவிட்டுச் சொன்னார். "முன் டயர் ரெண்டும் போச்சு. நஞ்சப்பன்கிட்டக் கொண்டு போயி மாத்திப்போட்டு, சக்கரத்தை நிமித்தி வெச்சுறச் சொல்லு, டவுனுக்கு ஓட்டறாப்புல. இனிமே எதுக்கு?" சாதாரணமாகத்தான் சொன்னார். உப்பு இருக்கா என்று கேட்கிற மாதிரி. டாக்டர் அந்தப் பேரைச் சொன்ன அன்றைக்குக்கூட இவள் இப்படிப் பயப்படவில்லை. அன்றைக்கு அவர்தான், பார்த்துக்கலாம் விடு என்றார். அப்படிச் சொன்ன ஆள் இனிமே எதுக்கு என்றால்? அடுத்த வாரம் ஸ்கேன். அதில் என்ன வருமோ. நல்லபடியாக வந்தால்கூட இந்த இனிமே எதுக்கு போய்விடுமா? ஸ்கேனில் அது தெரியுமா? அவள் வாய் மூடிக்கொண்டு சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். சரிங்க என்று சொன்னாளா? சொன்னாள். சரிங்க என்றுதான் சொன்னாள்.

மலை என்றால் அவளுக்குப் பயம். அது ஊருக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை விடியக்காலம் மேட்டுப்பாளையம் தாண்டிக் கோத்தகிரி ரோட்டில் திரும்பினாரென்றால், அதுவரைக்கும் தொழில், பாக்கி, ஆள் வரவில்லை என்று பேசிக்கொண்டு வந்த மனுஷன் வாயை மூடிவிடுவார். முகமே வேறாகிவிடும். முதல் வளைவு வரும்போது தோளில் இருந்து ஏதோ ஒன்று இறங்குவது இவளுக்குப் பக்கத்தில் இருந்தே தெரியும். கார் அப்படியே தரையைக் கவ்விக்கொண்டு திரும்பும். இவள் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வலது காலால் தரையை ஓங்கி மிதிப்பாள், அங்கே பிரேக் இருக்கிற மாதிரி. "அங்க பிரேக் இல்லீங்க அம்மிணி" என்பார் அவர். இவள் அடுத்த வளைவிலும் மிதிப்பாள். அவள் மிதித்து மிதித்து அந்த இடத்தில் கால்மிதி மேட் தேய்ந்து ஓட்டை விழுந்தே போனது. நஞ்சப்பன் ஒருதரம் அதைப் பார்த்துவிட்டு, இந்தப் பக்கமும் ஒரு பெடல் வெச்சுறலாமுங்க்கா என்று கிண்டல் பண்ணினான். பயம்தான், ஆனாலும் ஒரு ஞாயிறுகூட வரமாட்டேன் என்று சொன்னதில்லை. ஏன்? மேலே போய் நிறுத்தி, பிளாஸ்கைத் திறந்து ஆளுக்குப் பாதி டீ குடிக்கும்போது அந்த முகத்தைப் பார்க்கத்தான். அப்போது அவர் இவளைப் பார்க்கிற பார்வை, கண்ணாலமான புதுசில் பார்த்ததுதான், வயசே ஆகாதது. நல்லா இருந்துச்சா என்பார். உசிரு போயிருச்சுங்க என்பாள் இவள். இரண்டும் நிஜம்தான். இப்போது ஆறேழு மாதமாக அவர்தான் இடது சீட்டில். போன தடவை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போது இவள் ஒரு ஆட்டோவுக்காக சடாரென்று ஒடித்தபோது, ஓரக்கண்ணில் பார்த்தாள், அவர் வலது கால் அந்த ஓட்டை மேட்டை அமுக்கியது. சிரிப்பு வந்தது, சொல்லவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அவராகவே சொன்னார், "இந்த ரோடு இவ்வளவு நேரா இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது சாந்தா" என்று. அதுக்கு என்ன அர்த்தம் என்று ராத்திரி பூரா யோசித்தாள். ஒரு அர்த்தமும் இல்லாமலும் இருக்கலாம்.

"அக்கா" என்றான் நஞ்சப்பன், குனிந்திருந்தவன் நிமிர்ந்து. "மலைக்கு வெச்சிருந்த சாய்வே வெச்சுறட்டுங்களா? இல்ல டவுனுக்குங்களா? அண்ணன் ஏதாச்சும் சொல்லி உட்டாருங்களா?" சொன்னார் என்று வாய் திறந்தாள். அந்த நேரத்துக்குக் காலடியில் கைப்பைக்குள் போன் அடித்தது. அவர்தான். "மெதுவா எடுங்க்கா, பரவால்ல" என்றான். எடுத்தாள். அவர் குரல் இப்போதெல்லாம் நூலாகப் போய்விட்டது, அதனால் போனில் சத்தத்தை உச்சத்தில் வைத்திருக்கிறாள், அது மறந்தே போனது. "என்னாச்சு?" என்று கொட்டகை பூராவும் கேட்டது. "உக்காந்திருக்கறேனுங்க." "எங்க?" "தவக்களைக்குள்ள, ராம்ப் மேல." "பக்கத்துல?" "நீங்கதான்" என்றாள். "எண்பத்து நாலா?" என்று கேட்டார். "ஆமாங்க." நஞ்சப்பன் அங்கேயே நிற்கிறான், ஏதாவது பேச வேண்டுமே, "அங்க வெயில் எப்படீங்க?" என்றாள். "எங்க? நம்ம ஊட்டுலயா?" என்றார் அவர் பச்சைக் குழந்தையாட்டம். அது போதாதென்று, அவருக்குப் பின்னால், தெருவில், தினமும் பதினொரு மணிக்கு வருகிற கீரைக்காரம்மா, "அரக்கீரே, சிறுகீரே, மணத்தக்காளிக் கீரேய்" என்று நீட்டி முழக்கியது சூரத்திலிருந்து இங்கே கொட்டகைத் தகரத்தில் மோதி எதிரொலித்தது. சாந்தாமணிக்கு எங்காவது இப்படியே காரோடு புதைந்துவிட மாட்டோமா என்றிருந்தது. நஞ்சப்பன் தலையைக் குனிந்துகொண்டு சக்கரத்துக்குள் எதையோ ரொம்ப அக்கறையாகப் பார்த்தான். "நிமித்தியாச்சா?" என்றார் அவர். "இன்னும் இல்லீங்க. கஞ்சி குடிச்சீங்களா?" "பாதி." "மீதி?" "நீ வந்து குடிச்சுக்க" என்றார், அதில் லேசாக ஒரு சிரிப்பு இருந்தது, இருந்ததா, இருந்தது, போனை வைத்த பிறகும் காதோடு வைத்துக்கொண்டு அந்தச் சிரிப்பு இருந்ததுதானே என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நஞ்சப்பன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது இன்னொரு பொய்யைச் சொல்லித் தொலைத்திருப்பாள். அவன் பாட்டுக்கு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் மூட்டை கம்மென்று உட்கார்ந்திருந்தது, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, திருமூர்த்தி, எண்பத்து நாலு என்று. எவ்வளவு பிரியமான மூட்டை. இந்த ஆளைத்தான் கண்ணாலம் பண்ணிக்கொண்டேன், இந்த ஆள்தான் பந்தியில் மூன்று தடவை சோறு வாங்குகிறவர், கட்டிலில் புரண்டால் இந்தப் பக்கம் நான் எழும்புவேன். இவரை இப்படியே வீட்டுக்குக் கொண்டு போய்விட முடியாதா? இவரை வைத்து அளந்தால் சக்கரம் இவருக்குத்தான் சரியாக நிற்கும், வீட்டில் பாதிக் கஞ்சியோடு உட்கார்ந்திருக்கிறவருக்கு நிற்காது. மறுபடி தேயும். உள்பக்கமாகத் தேயும், வெளியில் ஒன்றும் தெரியாது. நிமிர்த்தினால்? தேயாது. நல்லபடியாக ஓடும், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும், வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும். அடுத்த தரம் வரும்போது இந்த மூட்டையை அவிழ்த்துக் கொட்டிவிட்டு அந்த ஆணியில் மாட்டியிருப்பான். அப்போது இனிமே எதுக்கு என்றுதான் அவனும் நினைப்பான். முடியாது. அவள் பல்லைக் கடித்தாள். சரிங்க என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிற வாய் இது, இந்த ஒரு சரிங்கவை வாபஸ் வாங்கினால் ஒன்றும் குடி முழுகிவிடாது. அவருக்கு மலை வேண்டும். அவரால் ஓட்ட முடியாது, இன்னும் எத்தனை நாளைக்கோ. சரி, ஓட்டத்தானே முடியாது. வளைவில் உட்கார முடியாது என்று யார் சொன்னது? அப்படியானால் யார் ஓட்டுவது? அந்தக் கேள்வி வந்த உடனே வலது கால் தானாகவே போய் ஓட்டை மேட்டை மிதித்தது, கார் லேசாக ஆடியது.

"அக்கா, ஆடாதீங்க." "தம்பி, கீழ எறக்குங்க." "என்னாச்சுங்க, தலை சுத்துதுங்களா?" "இல்ல. அவரு எடை தப்பு." நஞ்சப்பன் நிமிர்ந்து பார்த்தான். "அறுபத்தொண்ணு" என்றாள் சாந்தாமணி. இதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை, தன்னிடம்கூட. சொன்ன பிறகு அது அப்படியொன்றும் சின்ன எண்ணாகத் தெரியவில்லை, ஒரு ஆள் இருக்கிற எண்ணாகத்தான் இருந்தது. "அப்பறம் இன்னொண்ணு. நிமித்த வேண்டாம். மலைக்கு வெச்ச சாய்வே இருக்கட்டும். ஆனா அவரு இந்தப் பக்கம். ஓட்டறது நானு." அவன் கொஞ்ச நேரம் கையைத் துடைத்தான், துடைத்த கையையே மறுபடி துடைத்தான். அந்த ஐயோ பாவம் முகத்துக்கு வந்துவிடுமோ என்று அவள் பார்த்தாள். வரவில்லை, அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டதால் வந்ததா இல்லையா என்று தெரியவில்லை. "சரிங்க்கா" என்றான். ராம்ப் இறங்கியது. மூட்டையின் வாயை அவிழ்த்து, இரும்புச் சட்டியில் அள்ளி அள்ளித் தராசில் நிறுத்தான். எடுத்த மணலைக் குவித்ததும் அவளுக்குப் பார்க்க முடியவில்லை, இத்தனையா, இத்தனை மனுஷனையா தின்றுவிட்டது அந்தச் சனியன் பிடித்த நோவு என்று கண்ணில் தண்ணி முட்டியது. வெளியில் கொட்டப் போகிறான் என்று நினைத்தாள். அவன் ஒரு காலிச் சாக்கைத் தேடி எடுத்து அதில் அந்த மணலைப் போட்டு, வாயைக் கட்டி, சுவரோரமாக வைத்தான். "இது இருக்கட்டுமுங்க்கா" என்றான், அவளைப் பார்க்காமலே. "அண்ணன் எடை ஏத்துனா எடுத்துப் போட்டுக்கலாம்."

ஒட்டிப்போன மூட்டைகளை இடது சீட்டுக்கு மாற்றினான். மேல் மூட்டை முன்னை மாதிரி நிமிர்ந்து உட்காரவில்லை, கொஞ்சம் குனிந்து, அசதியாகத்தான் உட்கார்ந்தது. அவள் சுற்றிக்கொண்டு வந்து வலது கதவைத் திறந்து ஏறினாள். சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள், கண்ணாடியைச் சரிபண்ணினாள். பிறகு, கை தன் பாட்டுக்குப் பின்னால் போய்ப் பச்சைத் துண்டை எடுத்தது. நாலாக மடித்து, இன்னொரு மடிப்பு மடித்து, மூட்டையின் நடுவில் வைத்து, அதற்கு மேல் பெல்ட்டை இழுத்தாள். சரியாங்க என்று உதடுகூட அசைந்துவிட்டது. அப்போதுதான் நஞ்சப்பன் பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. கூச்சத்தில் கையை எடுக்கப் போனாள். அவன் குனிந்து, கீழ்ப் பட்டையை விரலால் காட்டினான். "கொஞ்சம் எறக்கிக் கட்டுங்க்கா. அண்ணனுக்கு அழுத்தும்."

எறக்கிக் கட்டினாள். கார் மேலே ஏறியது. புறா இரண்டும் இடம் மாறி உட்கார்ந்தன. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், கூட்டமாக இருக்கும், புதன்கிழமை போகலாம், ஸ்கேனுக்கு முந்தின நாள், முதல் வளைவு வரைக்கும் போய்ப் பார்க்கலாம், பிறகு இன்னொன்று. பிளாஸ்கைத் தேட வேண்டும், பரண் மேலே இருக்கும். அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்ல வேண்டாம், மேட்டுப்பாளையம் வந்ததும் அவரே பார்த்துக்கொள்ளட்டும். "ஸ்டியரிங்கை நேராப் புடிச்சுக்கங்க்கா" என்று கீழேயிருந்து நஞ்சப்பன் சொன்னான். பிடித்துக்கொண்டாள். "பிரேக்கை நல்லா மிதிச்சுக்கங்க." மிதித்தாள். இந்தப் பக்கம் பிரேக் இருந்தது.